மண்வெட்டி பிடித்தவர்களின் வரலாற்றாசிரியர்



தென்னமெரிக்காவின் வடகரையில் கயானா என்றொரு சிறிய நாடு இருக்கிறது. கடல் பொங்கினால் அதன் கரையோர நிலம் மூழ்கிவிடும். அணை போட்டு, கால்வாய் வெட்டி, வடிகால் எடுத்தால்தான் அங்கே கரும்பு நிற்கும். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகால், 16 மைல் பாசனக் கால்வாய்! இத்தனையையும் வெட்டியது யார்? தோட்ட முதலாளிகளின் கணக்கேடுகளில் சர்க்கரை மூட்டைகள் இருக்கின்றன, லாபம் இருக்கிறது. வெட்டியவன் மட்டும் இல்லை. சேற்றிலும் தண்ணீரிலும் நின்று பத்துக் கோடி டன் ஈரக் களிமண்ணை அடிமைகள் மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள் என்று தன் நாட்டு வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதி வைத்தார் ஒருவர். அவர்தான் வால்டர் ராட்னி.

1942-இல் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் பிறந்தார். தந்தை தையற்காரர், தாயும் தையல் வேலை செய்தவர். படிப்பில் சூரர். ஜமைக்காவில் பட்டம் பெற்று, லண்டனில் 24 வயதில் முனைவரானார். அடிமை வணிகத்தை ஆராய்வதற்காகப் போர்த்துகீசிய மொழி கற்று, லிஸ்பனிலும் செவில்லிலும் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தார். அடிமைகளை விற்றவர்களின் ஏடுகளைப் படித்து, விற்கப்பட்டவர்களின் கதையை அவற்றிலிருந்து எடுத்தார். இந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். கோபம் மட்டும் இருந்தால் முழக்கம் போடலாம், வரலாறு எழுத முடியாது. அவரிடம் கோபமும் இருந்தது, சான்றும் இருந்தது.

1968-இல் ஜமைக்காவுக்கு விரிவுரையாளராகத் திரும்பினார். வகுப்பு முடிந்ததும் கிங்ஸ்டன் சேரிகளுக்குப் போவார். கற்றவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ராஸ்தஃபாரி சமய மக்களோடு தரையில் அமர்ந்து ஆப்பிரிக்காவின் பழைய அரசுகளைப் பற்றிப் பேசுவார். அவர்கள் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்பார். அரசுக்கு அது பொறுக்கவில்லை. கனடாவில் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு அக்டோபர் 15 அன்று திரும்பியவரை நாட்டுக்குள் விட மறுத்தார்கள். மறுநாள் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், ஏழை மக்கள் சேர்ந்துகொண்டார்கள், கிங்ஸ்டன் கொந்தளித்தது. ஒரு வரலாற்று ஆசிரியரை உள்ளே விடாததற்காக ஒரு தலைநகரமே தெருவில் இறங்கியது என்றால், அவர் நடத்திய பாடம் எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள்!

பிறகு தான்சானியா. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில்தான், ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிப் பின்தங்க வைத்தது என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் 1972-இல் வெளிவந்தது. ஆப்பிரிக்கா ஏழையாகப் பிறக்கவில்லை, ஏழையாக்கப்பட்டது என்பதே அதன் வாதம். உழைக்கும் வயதில் இருந்த ஆணையும் பெண்ணையும் நூற்றாண்டுக் கணக்கில் கப்பலேற்றினால் அந்த மண்ணில் தொழில் எப்படி வளரும்? காலனி அரசு ரயில் போட்டது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்டவாளம் எங்கிருந்து எங்கே போனது என்று வரைபடத்தில் பாருங்கள். சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நேராகத் துறைமுகத்துக்குப் போயிருக்கும்.

1974-இல் தாய்நாடு திரும்பினார். கயானா பல்கலைக்கழகம் அவரைத் தேர்ந்தெடுத்திருந்த பேராசிரியர் பதவியை அன்றைய பிரதமர் பர்ன்ஹாமின் அரசு தட்டிப் பறித்தது. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒருபுறம், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள் மறுபுறம் என்று பிரிந்து கிடந்த நாடு அது. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அங்கே வீடுகளைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டுவார்கள். அடியில் இருக்கும் அந்த நிழலில் இரு தரப்புத் தொழிலாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, இருவருடைய முதுகிலும் விழுந்தது ஒரே முதலாளியின் சாட்டைதான் என்று எடுத்துச் சொன்னார் ராட்னி. பிரித்து ஆண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறு ஏது?

1980 ஜூன் 13 இரவு, ராணுவத்தைச் சேர்ந்த ஒருவன் கொடுத்த வாக்கி டாக்கியில் இருந்த குண்டு காருக்குள் வெடித்தது. 38 வயதில் மாண்டார் ராட்னி. அருகில் இருந்த தம்பி டொனால்ட் காயங்களோடு பிழைத்தார். பிழைத்தவர் மீதே வெடிபொருள் வழக்குப் போட்டுத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார்கள். கயானா உழைப்பாளர்களைப் பற்றி ராட்னி எழுதி முடித்திருந்த வரலாறு, அவர் கண்ணால் பார்க்காமலே 1981-இல் அச்சேறியது.

நீதி கிடைக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தக் கொலையில் அரசுக்குப் பங்கு உண்டு என்று 2016-இல் விசாரணை ஆணையம் சொன்னது. டொனால்ட் மீதான தண்டனை 2021-இல்தான் ரத்தானது. அதே ஆண்டில் ராட்னியின் இறப்புச் சான்றிதழைத் திருத்தவும் கயானா அரசு முடிவெடுத்தது. பதவியைத் தாங்களே பறித்துவிட்டு, தொழில் என்ற இடத்தில் அவரை வேலையற்றவர் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள், நண்பர்களே. அந்த இடத்தில் பேராசிரியர் என்று எழுதத்தான் அந்தத் திருத்தம்.