சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



குழுக் கடனில் வாங்கிய பழைய வாடகைக் காரை நானே ஓட்டுகிறேன். ஒரு நாள் வண்டி எடுக்கல. மறுநாள் ஒழுங்கா எடுத்துச்சு. ஒரு ராத்திரி பிரசவத்துக்குக் கூப்பிட்ட வீட்டு வாசல்லயே நின்னுடுச்சு. வேற வண்டி பிடிச்சு அனுப்பிட்டு, உட்கார்ந்து அழுதேன்.

"பேட்டரியை மாத்து" என்றார் ஒருவர். "செல்ஃப் மோட்டாரை மாத்து" என்றார் இன்னொருவர். தவணைப் பணத்தில் கைவைக்க மனசு வரல. ஒரு நோட்டு போட்டு, எடுக்காத நாள், நேரம், சத்தம் எல்லாம் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'டக்'குனு ஒரே சத்தம், விளக்கும் மங்கிடும்.

நோட்டைப் பார்த்த மெக்கானிக் பேட்டரியைச் சோதித்தார். 12.6 வோல்ட், சார்ஜ் குறையல. டெர்மினல்தான் வெள்ளையாப் பூத்து, கிளாம்பு லூசா இருந்தது. சுத்தம் பண்ணி முறுக்கினதும் சரியாச்சு.

இஞ்சின் சுத்தாம 'டக்'னா பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் பாருங்க. நல்லா சுத்தியும் எடுக்கலைன்னா பெட்ரோல், பிளக் பக்கம் பாருங்க.

குழுவுக்குக் கணக்கு எழுதுற நமக்கு, வண்டிக்கு ஒரு நோட்டு எழுதுறது பெரிசா? பாகத்தை மாத்துறதுக்கு முன்னால் எழுதிப் பாருங்க.