முதல் பனியை நம்பாதீர்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஆரணிக்காரனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் தெருவில் பாவு நீட்டும்போது முகத்தில் படும் ஈரம், அவ்வளவுதான். பட்டாளத்தில் சேர்ந்து இமயமலைக்குப் போன பிறகுதான் அதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். "பட்டுச்சேலை ஊர்ல பனிமலையைப் பத்தி எதுக்குப்பா பேசறே?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். டிசம்பர் விடுமுறையில் கேதார்காந்தா மலைக்குப் போகிறோம் என்று நம் மாணவர்கள் சிலர் சொன்னார்கள். அதனால்தான் பேசுகிறேன்.

பனிச்சரிவு என்றால் ஆளுயரப் பனி கிடக்கும் தை, மாசியில்தான் வரும் என்று நினைக்கிறோம். 2022 அக்டோபர் 4. நம்ம ஊரில் ஆயுத பூஜை, தறிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம். அன்று காலை உத்தரகாசி மாவட்டத்தில், திரௌபதி கா தண்டா சிகரத்துக்கு அருகே, நேரு மலையேற்ற நிலையத்தின் பயிற்சிக் குழுவைச் சரிவு அடித்துப் பனிப்பிளவுக்குள் தள்ளியது. 27 உடல்கள் கிடைத்தன. இருவரைக் காணவில்லை. அந்த வருஷம் மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறி இறங்கிய பயிற்றுநர் ஒருவரும் அதில் போய்விட்டார். தெரியாதவர்கள் அல்ல, பாருங்கள்.

பருவத் தொடக்கத்தில் விழும் பனி மெல்லியது. அடியில் தரை ஏறக்குறைய பூஜ்யம் டிகிரி. மேலே இரவுக் காற்று அதைவிடப் பல டிகிரி கீழே. இந்த வித்தியாசத்தால் நீராவி மேல்நோக்கி நகர, அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிரும். பனி கனமாக மூடியிருந்தால் இவ்வளவு கெடாது. பிறகு பெரிய பனிப்பொழிவும் காற்றும் சேர்ந்து அதன்மேல் பலகைபோல ஒரு அடுக்கை வைக்கும். வீட்டில் தட்டில் ரவையைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள், புரியும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில் ஒரு ஆள் மிதித்தாலே போதும். காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, கீறல் ஓடினாலோ வந்த வழியே திரும்பிவிட வேண்டும். கட்டிய பணம் போனால் போகட்டும்!

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சோனம் முகாமின் மேல் பனி சரிந்து மெட்ராஸ் ரெஜிமென்டின் 10 பேர் புதைந்தார்கள். நால்வர் தமிழ்நாட்டவர், அதில் ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர். ஒரு காலத்தில் நாமெல்லாம் ஒரே வடஆற்காடுதானே. ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பா 11-ஆம் தேதி இறந்தார். அவர் ஆறு நாள் தாங்கியது அபூர்வம். சாதாரணமாகக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பெரும்பாலோர் பிழைப்பார்கள். வெளியிலிருந்து மீட்புப்படை வந்துசேர அந்த நேரம் போதாது. பக்கத்தில் நிற்பவர்தான் தோண்ட வேண்டும்.

ஆகவே தம்பிகளே, ஒரு சரிவைக் கடக்கும்போது ஒவ்வொருவராகக் கடங்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அழைத்துப் போகிறவரிடம் மூன்று பொருள் கேளுங்கள்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. ஆளுக்கு ஒரு செட். "ஒண்ணு இருக்கு சார், கைடு வச்சிருக்கார்" என்று பதில் வந்தால், புதைவது அந்தக் கைடாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள்.