விலாசமில்லாத கதாசிரியர்

(அட்டனில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

கொழுந்தை நிறுப்பதற்குத் தோட்டந்தோறும் தராசு உண்டு. அக்கொழுந்தைப் பறிப்போரின் வாழ்வைக் கதையாக்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

அக்கதைகள் பிறந்த இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பரா. குடும்பம் முழுவதும் சமைப்பதும் உறங்குவதும் அதற்குள்ளேதான். விடிந்தால் பிரட்டுக்களம். இரவிலே குப்பி விளக்கொளியில் எழுதிய கதையைக் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்பினால், பதில் எங்கே வரும்? லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்தே தொழிலாளியின் கைக்கு வரவேண்டும். பல தோட்டங்களில் இந்நிலை இன்றும் மாறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு விலாசமும் இல்லாதிருந்ததில் வியப்பென்ன?

ஆயினும் மலையகம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1961இல் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' தினகரனில் வெளிவந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் தன்மானத்தை எடுத்துரைத்த கதை அது. அறுபதுகளில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் வீரகேசரியோடு கூடிச் சிறுகதைப் போட்டிகளை நடத்தியது. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்ற நூலாயின. பரிசு பெற்றோருள் தெளிவத்தை ஜோசப்பும் ஒருவர். பத்திரிகைக் கதவு திறந்தது, நம்பிக்கை பிறந்தது.

ஆனால், பத்திரிகைக் கதைக்கு ஆயுள் எவ்வளவு? இன்று வாசித்த தாளில் நாளை கடைக்காரர் பருப்பு மடிக்கிறார். நிலைத்து நிற்க நூல் வேண்டும். அந்நூலுக்காக இராமையா காத்திருந்த காலம் எவ்வளவு தெரியுமா? பத்தொன்பது ஆண்டுகள்! 1961இல் அச்சேறிய கதையின் பெயரைத் தாங்கிய தொகுதி 1980இலேதான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' தொகுதியும் வந்தது. இரண்டையும் வெளியிட்டது மு. நித்தியானந்தனின் வைகறை. இரண்டு நூல்களுக்கும் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. அப்படியானால் இத்தனை காலமும் குறை எழுத்திலா இருந்தது? இல்லை, அதை ஏந்திச் செல்லக் கையில்லை என்பதே உண்மை.

இடையிலே வாசகரும் பிரிக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. எழுதுவோரும் வாசிப்போரும் தலைமன்னாரிற் கப்பலேறினால், நூலை வாங்குவோர் யார்?

பின்னர், 1997இல், துரை விஸ்வநாதன் என்னும் வணிகர் தம் துரைவி பதிப்பகத்தின் வழியாக 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அவற்றைத் தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். பழைய பத்திரிகைகளிலே புதைந்து கிடந்த கதைகள் அதனால் மீண்டன. அப்பெருந்தகைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும், ஓர் இனத்தின் இலக்கியம் தனியொருவரின் கைப்பொருளை நம்பியே வாழலாமா? அவருக்குப் பின் அடுத்த வள்ளல் வரும்வரை எழுத்தாளர் காத்திருப்பதா?

கமக்காரப் பெரியோர்களே! கோவாவும் லீக்சும் நன்றாக விளைந்தும் லொறி வராவிட்டால் என்னாகும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேசையிலே கிடக்கும் கையெழுத்துப் பிரதியின் கதியும் அதுவே. "வாசிப்பார் இல்லை" என்பர் சிலர். விற்பனைக்கு வாராத பண்டத்துக்கு வாங்குவார் இல்லை என்று தீர்ப்பளிப்பது எந்த ஊர் நியாயம்?

நாம் கேட்பது தருமமன்று. அச்சுக்குப் போகுமுன்னரே நூலின் விலையைச் செலுத்தும் முந்நூறு வாசகரைத் திரட்டுவோம். முதற்பதிப்பின் செலவுச் சுமை எழுத்தாளர் தோளிலிருந்து அதனால் இறங்கும். மாதந்தோறும் தொழிலாளியிடம் சந்தா பெறும் தொழிற்சங்கங்கள், அதில் ஒரு சிறு பங்கை அத்தொழிலாளியின் கதையை அச்சிட ஒதுக்கட்டும். தோட்டப் பாடசாலை நூலகம் ஒவ்வொன்றும் மலையக நூல்களை வாங்கட்டும்.

இராமையா 1990இல் மறைந்தார். ஜோசப் 2022இல் மறைந்தார். அவர்களைப் போற்றிக் கூட்டம் நடத்துவது எளிது. இன்று லயத்திலிருந்து எழுதும் பிள்ளையைப் பத்தொன்பது ஆண்டுகள் காக்க வைக்காதிருப்பதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதை இம்மாதமே தொடங்குவோம்.