அரை நாள் காப்பகம்

இரண்டு வயதுக் குழந்தையை அரை நாள் மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேடினால்தான், நம் சட்டதிட்டங்களுக்கு நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி என்று புரியும். 2017-இல் பேறுகாலச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம். 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்திலோ முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான். அதுவரை சத்துமாவு கிடைக்கும். குழந்தையை விட்டுவர இடம் பெரும்பாலும் கிடைக்காது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்ற விதியையும் அதே திருத்தம்தான் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் தையல்கடையிலும் வீட்டுவேலையிலும் இருப்பவருக்கு அது எட்டாது.

பாட்டி இல்லையா என்பார்கள். இருந்தாலும், ஓடும் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட மூட்டுவலி விடுமா? அவருக்கும் அரை நாள் ஓய்வு வேண்டும். இவ்வளவு சின்னதைப் பிரிக்கலாமா என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் முழு நாள் வேண்டாம், பக்கத்துத் தெருவில் மூன்று மணி நேரம் போதும் என்கிறேன். காப்பகச் சுவரில் எழுதிய ஏ, பி, சி, டி-யைப் பார்த்து மயங்காதீர்கள். ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள், ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா, சொல்லாமல் வந்து எட்டிப்பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.