பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி

(பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேச மாட்டேன். நமது பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டு போகிற சாப்பாட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வேண்டும்.

விடியற்காலையில் லயத்துப் பக்கம் போனால் முக்கால்வாசி வீட்டில் ஒரே சமையல்தான். கோதுமை மா ரொட்டி, இடிச்ச சம்பல், ஒரு போத்தலில் சீனி போட்ட பிளேன்டீ. பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரொட்டியை நான் குறை சொல்ல வரவில்லை. மலைக் குளிருக்கு வயிறு தாங்குகிற சாப்பாடு அது. ஆனால் பசியை அடக்குவது வேறு, பிள்ளை வளர்வது வேறு. உடம்பு வளரப் புரதம் வேண்டும், இரத்தம் ஊற இரும்புச்சத்து வேண்டும். ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்கிற பிள்ளைக்கு இந்த இரண்டும் போதாது. இரத்தம் குறைந்த பிள்ளை வகுப்பில் சோர்ந்து கிடக்கும், பாடசாலைப் படியேற மூச்சு வாங்கும். "உங்க பையன் சோம்பேறி" என்று ஆசிரியர் சொல்லி அனுப்புவார். நாமும் வீட்டில் வைத்து இரண்டு அடி போடுகிறோம். அடி வாங்குகிற பிள்ளைக்குத் தனக்கு என்ன குறை என்று தெரியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? ரொட்டியை விட வேண்டாம், அதற்குள்ளேயே போடுங்கள். ராத்திரி மிஞ்சின பருப்புக் கறியைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி மாவைப் பிசைந்து பாருங்கள். ரொட்டி மெதுவாக இருக்கும், சம்பல் கூட அவ்வளவாகத் தேவைப்படாது. முருங்கைக் கீரை, வல்லாரை, பொன்னாங்காணி எது கிடைத்தாலும் பொடியாக நறுக்கி, தேங்காய்ப்பூவோடு சேர்த்துப் பிசையலாம். கீரையைக் கண்டால் முகம் சுளிக்கிற பிள்ளையும் ரொட்டிக்குள் இருந்தால் தின்றுவிடும். மா, பருப்பு இரண்டும் சேரும்போது ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கிறது.

அடுத்தது கடலை, பாசிப்பயறு, கௌபி. படுக்கப் போகிறபோது ஊறப்போட்டால் காலையில் சீக்கிரம் வெந்துவிடும். 50 கிராம் காய்ந்த கடலையில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் அளவுதான். முட்டை கெட்டது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் கோழி இருந்தால் முட்டையைக் கடைக்கு விற்காமல் கிழமையில் இரண்டு மூன்றாவது பிள்ளைக்கு வையுங்கள். ஒரு முட்டையை அடித்து இரண்டு ரொட்டி மேல் ஊற்றிச் சுட்டால் இரண்டு பிள்ளைக்கு ஆகும். நெத்தலிக் கருவாடு ஒரு கைப்பிடி வறுத்து வைத்தாலும் நல்லது. முள்ளோடு தின்பதால் எலும்புக்கும் பலம். உப்பு அதிகம், அதனால் முதலில் நன்றாகக் கழுவுங்கள்.

இனி நான் சொல்லப் போவது உங்களுக்குப் பிடிக்காது. நாமே கொழுந்து எடுத்து, நாமே தேயிலை ஆக்குகிற ஆட்கள். அந்தத் தேத்தண்ணியைத்தான் சொல்கிறேன். தேயிலையில் இருக்கிற துவர்ப்புச் சாரம், கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கஷ்டப்பட்டுக் கீரை ரொட்டி சுட்டு, கூடவே ஒரு போத்தல் பிளேன்டீயும் கொடுத்தால் பாதிப் பலன் வீண். பிள்ளையின் போத்தலில் கொதித்தாறின தண்ணீர் போதும். தேத்தண்ணி வேண்டுமென்றால் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து வீட்டில் குடிக்கட்டும். தேத்தண்ணிக்கு எதிர்மாறான வேலை செய்கிறது புளிப்புப் பழம். தேசிக்காய் பிழிந்த சம்பல், ஒரு கொய்யாப்பழம், ஒரு துண்டு நெல்லிக்காய், எதுவானாலும் இரும்புச்சத்து சேர உதவும். கொய்யா நம்ம வேலியோரத்திலேயே காய்த்து, பாதிக்கு மேல் வௌவாலுக்குப் போகிறது!

திரிபோஷாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளினிக்கில் கொடுக்கிற அந்தப் பைக்கட் கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டுகிற தாய்க்கும், எடை குறைந்த சின்னப் பிள்ளைக்கும் கொடுப்பது. அதை உருட்டிப் பெரிய பிள்ளையின் பெட்டியில் வைத்தால், சின்னதின் பங்கு குறைந்துபோகும்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2022 இல் மா விலை ஏறினபோது எத்தனை வீட்டில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம் என்பது நமக்குத் தெரியும். அன்றைக்குப் பட்ட கஷ்டம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனாலும் காலையில் அழுகிற பிள்ளையைச் சமாளிக்க மிக்சர் பைக்கட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் கையில் காசு கொடுக்கிறோம். ஒரு கிழமை அந்தக் காசை ஒரு டின்னில் போட்டு எண்ணிப் பாருங்கள். எத்தனை கிராம் கடலை வாங்கலாம் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். அப்பாமாரின் வெற்றிலைக் காசைப் பற்றி நான் இன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. சில பிள்ளைகள் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கடைச் சாப்பாடு கொண்டு வருகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிறதே என்ற வெட்கம். சிலது பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வரும். அப்படி வந்தால் ஏசாதீர்கள். "என்னடா, யாராவது சிரிச்சாங்களா?" என்று கேளுங்கள். ரொட்டியை முக்கோணமாக வெட்டி, ஒரு துண்டு கரட்டோ பழமோ பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் பிள்ளை தைரியமாகத் திறக்கும். பழைய பேப்பரில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும். பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 இலேயே தடை செய்யப்பட்டது. மூடியுள்ள பெட்டி ஒன்று வாங்கி, சாப்பாட்டைச் சூடு ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து ஊசிப்போகும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் இதே மடுவத்தில் பருப்பு ரொட்டியும் கீரை ரொட்டியும் சுட்டுக் காட்டுவோம். மா, பருப்பு இங்கே இருக்கிறது. கீரை ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வாங்க. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. எது நல்லாயிருக்கிறது என்று அவர்களே தின்று பார்த்துச் சொல்லட்டும்.