கொல்லையில் பத்து மிளகாய்ச் செடி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

மிளகாய் வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள. நான் அதிகம் படிச்சவ இல்லை. பட்டதைச் சொல்றேன்.

ஒரு வீட்டுக்குப் பத்துச் செடி தாராளம். நல்லா முத்திப் பழுத்த, புள்ளி விழாத பழத்தில் விதை எடுங்க. நாற்று விட்டு 40 நாளில் பிடுங்கி, ஒன்றரை அடிக்கு ஒண்ணா நடணும். தண்ணி தேங்கக் கூடாது, வேர் அழுகிடும்.

இலை மேல்பக்கமா சுருண்டால் இலைப்பேன், கீழ்ப்பக்கமா சுருண்டால் சிலந்திப்பூச்சி. முதல் வருஷம் நான் பருத்திக்கு வாங்கின மருந்தையே இதுக்கும் அடிச்சிட்டு, மூணாம் நாள் அதே காயைப் பிள்ளைகளுக்குச் சட்னி அரைச்சேன். இப்போ நினைச்சாலும் வயிறு கலங்குது. இப்போதெல்லாம் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு, ஒரு லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து சாயங்காலம் தெளிக்கிறேன். சுருட்டை தெரிஞ்ச உடனே தெளிக்கணும். செடி முழுக்க முடங்கின பிறகு தெளிச்சுப் பிரயோசனம் இல்லை.

நட்டு 75 நாள் வாக்கில் முதல் பறிப்பு. பச்சையாகப் பறிக்கப் பறிக்கப் பூ வைக்கும். எல்லாத்தையும் பழுக்க விட்டால் பூ குறைஞ்சிடும். அதனால எட்டுச் செடி பச்சைக்கு, இரண்டு செடி பழத்துக்கு என்று நான் ஒதுக்கிட்டேன். கிளையை ஒரு கையால் பிடிச்சுக்கிட்டு, காம்போட பறிங்க. வெடுக்கென்று இழுத்தால் கிளையே வந்துடும்.

இப்போ முக்கியமான விஷயம். ஒருநாள் பறிச்சு முடிச்சு, கையை வெறும் தண்ணியில் அலசிட்டு, அழுத பேரனைத் தூக்கி மூஞ்சியைத் துடைச்சேன். கண்ணில் பட்டுப் பிள்ளை துடிச்ச துடிப்பு இருக்கே! நல்லவேளை, உடனே நல்ல தண்ணியை விட்டு விட்டுக் கண்ணைக் கழுவினோம், அடங்குச்சு. அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். கண்ணில் எண்ணெய், தாய்ப்பால் எதையும் விடாதீங்க.

மிளகாய்க் காரம் தண்ணியில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். கையில் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்க. நிறையப் பறிக்கிற அன்னைக்குக் கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கிறது நல்லது. கைக்குழந்தைக்காரிகள் கட்டாயம் கட்டிக்கணும். இன்னொண்ணு, காரம் விதையில் என்று நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில்தான் அதிகம் இருக்கு.

பழத்தை ஒருநாள் நிழலில் குவிச்சு வைத்தால் நிறம் ஒரே சீரா வரும். பிறகு சுத்தமான தார்ப்பாயில் காயப் போடுங்க, மண் தரையில் வேண்டாம். ராத்திரிப் பனி படாமல் மூடணும். பூஞ்சாணம் பிடிச்சதைத் தூர எறியுங்க. கழுவி அரைக்கிற வேலை வேண்டாம்.

என் செடியில் எடுத்த விதை கொண்டுவந்திருக்கேன். குழுவுக்கு ஒரு பொட்டலம். கூட்டம் முடிஞ்சதும் ஊக்குநர் அக்காகிட்ட வாங்கிக்கோங்க.