மருந்து அதிகாரமும் மொறிஸ் மைனரும்



திருக்குறளில் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசி மூன்று குறள்களும் மருத்துவனை நோக்கியவை. நோய் இன்னதென்று முதலில் அறிய வேண்டும். அது எதனால் வந்தது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். தீர்க்கும் வழியை அதன் பின்னரே தேட வேண்டும். இந்த வரிசைதான் அங்கே முக்கியம். இதை இன்று ஒரு பழைய காரில் வைத்துப் பார்ப்போம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அங்கே உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்பும் இலங்கைத் தெருக்களில் அது ஓடுகிறது. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் பழைய கார் ஒன்றைக் காப்பாற்றுவது பொழுதுபோக்கு அன்று, தேவை.

காலையில் திறப்பைத் திருப்புகிறோம். கார் ஸ்ராட் ஆகவில்லை. “பழசு, அப்படித்தான்” என்கிறோம். பழசு என்பது காரின் வயது. நோயின் பெயர் அன்று.

முதற் கேள்வி: எஞ்சின் சுற்றுகிறதா? முன்விளக்கைப் போட்டுவிட்டு ஸ்ராட் செய்து பாருங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பற்றரி வலுவிழந்திருக்கிறது, அல்லது இணைப்புக் கெட்டிருக்கிறது. துறைமுகத்தை அண்டிய எங்கள் தெருக்களில் உப்புக்காற்று கறளை விரைவாக்கும். பற்றரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைக் கழுவிச் சுரண்டி, முனையை இறுக்கி, வாசலின் தடவினாலே எழும்பிவிடும் கார்கள் உண்டு. புதிய பற்றரி வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீண்.

எஞ்சின் சுற்றியும் பற்றவில்லையா? அடுத்த கேள்வி: பொறி வருகிறதா? பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல்தான் இதுவும். பெற்றோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. பொறி இல்லையென்றால் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஈரத்தைத் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொயின்ற்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இருக்க வேண்டும்.

பொறி இருந்து பிளக் காய்ந்திருந்தால் எரிபொருளைத் தேடுங்கள். மொறிஸ் மைனரின் பெற்றோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவது. திறப்பைப் போட்டதும் ‘டிக், டிக்’ என்று அடித்து, கார்பறேற்றர் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அடிக்கவே இல்லையானால் பம்ப்பில் கோளாறு. மெல்லத் தட்டினால் சிலவேளை உயிர் பெறும். ஓயாமல் அடித்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயில் காற்று. நோய் தானே பேசுகிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

வள்ளுவர் அடுத்த குறளில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் எண்ணச் சொல்கிறார். காலம் என்பது இங்கே வெறும் சொல் அன்று. வடகீழ்ப் பருவமழையில் வராத கார் முதலில் ஈரத்தைச் சந்தேகிக்க வைக்கும். வெயிலில் மாதக்கணக்காக நின்ற கார் வற்றிப்போன கார்பறேற்றரையும் பழைய பெற்றோலையும்.

வேறொரு காலமும் இருந்தது. 1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் கொடுத்து எழுப்பி, எஞ்சின் சூடான பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, எஞ்சின் தேய்ந்தது, ஆனால் நோயாளிகளும் பிணங்களும் அந்தக் கார்களில்தான் போயின. பற்றாத காரணத்தைச் சரியாக அறிந்தவர்களுக்கே அந்தச் சில துளி போதும் என்பது தெரிந்தது.

அதிகாரத்தின் கடைசிக் குறள் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் நின்று உதவுபவர். கார் நோயாளி; மெக்கானிக் மருத்துவன்; உதிரிப்பாகம் மருந்து. உரிமையாளருக்கு எஞ்சுவது நாலாவது இடம். கடைசியாக எப்போது ஓடியது, என்ன சத்தம் கேட்டது, யார் எதைக் கழற்றினார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டியவர் அவர். அவர் அவசரப்படுத்தினால் பிளக், பொயின்ற், கொண்டன்சர் மூன்றும் ஒரே நாளில் மாறும். கார் ஓடும்; எது நோய் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தில் அது மீண்டும் நிற்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றைச் சோதியுங்கள். விடை கிடைத்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பாடம் படிப்பதற்கும் இதுவே முறை.